அண்ணன் கைக்கு ஏற்ற பைப்பு

பைப்பு செய்ய முதலில் மரம் வேண்டும் என்று நினைப்பீர்கள். எனக்கு முதலில் வேண்டியிருந்தது புரோட்டா மாவு. சாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த புரோட்டாக் கடையில், பிசைந்து எண்ணெய் தடவி வைத்திருந்த மாவில் பெரிய உருண்டையாக ஒன்று வாங்கினேன். ஈரத்துணியில் சுற்றி டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினேன். கடைக்காரர், "வீட்டுல போயி நீங்களே வீசப் போறீகளா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். என் அண்ணன் கையை அச்செடுக்கத்தான் மாவு என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். அந்த வருசம் முழுக்க நான் அடுத்த கேள்விக்குப் பயந்துகொண்டு திரிந்தேன்.

சுங்கான் என்று புத்தகத்தில் எழுதுகிறார்கள். எங்களுக்கு அது பைப்புதான். சினிமாவில் கோட்டுப் போட்ட பணக்காரர் வாயோரத்தில் வைத்துக்கொண்டு மகளின் காதலைப் பிரிப்பாரே, அந்தச் சாமான். எங்கள் வீட்டில் யாரும் அதை நேரில் கண்டதில்லை. அப்பா பீடி, அண்ணன் பீடி. எனக்கு அந்தப் பழக்கமே இல்லை.

அண்ணன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவன். சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டி ரூமில் வேலை பார்த்தான். புஸ்வாணத்துக்கு மண்குப்பியில் மருந்தைப் போட்டுக் கெட்டிக்கிற வேலை. ஒரு தீபாவளி சீசனில் அந்த ரூமில் தீப்பிடித்தது. கூட வேலை பார்த்த மூன்று பெண்களும் தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்தார்கள். உள்ளே அவன் மட்டும் இருந்தான். மதுரை ஆஸ்பத்திரியில் நாலு மாதம் கிடந்து திரும்பி வந்தபோது வலது கையில் கட்டைவிரல் மட்டும் தனியாக இருந்தது. மற்ற நாலும் ஒன்றோடொன்று ஒட்டிக் கரண்டி மாதிரி வளைந்திருந்தன. இடது கை மணிக்கட்டோடு உள்ளே மடங்கிவிட்டது. முகத்தில் இடப்பக்கத்துத் தோல் உருகி இறங்கி உதட்டை ஒரு ஓரமாக இழுத்துப் பிடித்திருந்தது.

அந்தக் கையில் சோற்றை அள்ள முடியாது, பீடியைப் பிடிக்கவும் முடியாது. சோறாவது இரண்டு வேளை. பீடி ஒரு நாளைக்கு இருபது. மதினி தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விட்டு வந்து, அடுப்புக்கும் அவனுக்கும் நடுவே நின்றுகொண்டு பீடியைப் பற்றவைத்து அவன் வாயில் பிடிப்பாள். அவன் இழுத்துப் புகையை விடுவதற்குள் குழம்பு பொங்கும். பீடியை அவன் வாயிலேயே விட்டுவிட்டு ஓடுவாள். இழுத்துப் பிடித்த உதட்டில் பீடி நிற்காது. மடியில் விழும், வேட்டியில் ஓட்டை விழும். ஒரு நாள் தொடையில் விழுந்து தோல் கருகியது. அங்கேயும் வெந்து செத்த தோல், அவனுக்குச் சுடவில்லை. வாடை வந்த பிறகுதான் குனிந்து பார்த்தான்.

"தம்பி, ஒங்க அண்ணனுக்கு ஏதாச்சும் ஒரு வழி பண்ணுங்க" என்றாள் மதினி. "நானும் மனுசிதான. இருவது தடவ கொள்ளி பிடிச்சுக்கிட்டு நிக்க முடியுமா?" அண்ணன் கேட்கும்படிதான் சொன்னாள். அவள் மெதுவாகப் பேசுவதை எப்போதோ விட்டிருந்தாள்.

நான் வேலை பார்த்தது சாத்தூரில் ஒரு கடைசல் பட்டறையில். மோட்டாரில் மரத்தைச் சுழலவிட்டு உளி கொடுத்துச் செய்கிற சாமான் எல்லாம் செய்வோம். கட்டில் கால், பூரிக்கட்டை, தொட்டில் கம்பு, பம்பரம். பட்டாசுக் கம்பெனிகளுக்குக் கொட்டாப்புளியும் செய்தோம். மருந்தைக் கெட்டிக்க அந்த மரச்சுத்தியல்தான் வேண்டும். அங்கே இரும்புக்கு இடம் கிடையாது. பெல்ட் பக்கிள், சாவிக்கொத்து எல்லாவற்றையும் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இரும்பும் கல்லும் உரசினால் ஒரு பொறி போதும். எனவே கொட்டாப்புளியில் கைப்பிடியைச் சொருகி, மர ஆப்பு வைத்து இறுக்குவோமே தவிர ஆணி அடிக்க மாட்டோம். பட்டறையில் சேர்ந்த முதல் நாளே படித்த பாடம் அது.

மறைத்து வைத்துக் கடைசியில் அவிழ்ப்பதற்கு இது கதையில்லை. இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் ஆணி அடித்தேன்.

அந்தக் கம்பெனியின் கொட்டாப்புளி ஆர்டரை எங்கள் பட்டறைக்கு வாங்கித் தந்தவன் அண்ணன். சீசன் நேரம், லோடு மூன்று மணிக்குப் போக வேண்டும், பட்டறைக்காரர் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார். ஐம்பதில் ஒன்றுக்குத் தலை பிளந்துவிட்டது. தூக்கிப் போட்டுவிட்டு நாற்பத்தொன்பது என்று சொல்லியிருக்கலாம். யாரும் தலையை எடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் சொன்னால் சொன்னபடி கொடுக்கிறவன் என்று பேர் வாங்க எனக்கு அவ்வளவு ஆசை. பிளவுக்குக் குறுக்கே ஒரு சின்ன ஆணியை இறக்கி, கொண்டையை வெட்டிவிட்டு, மரத்தூளை வைத்து அடைத்து, மேலே அரக்கைத் தேய்த்து ஒரே வழவழப்பாக்கினேன். என் கண்ணுக்கே தெரியவில்லை. அதைப் பார்த்துப் பெருமைகூடப் பட்டேன். கம்பெனியில் சாமான் வந்தால் காந்தம் வைத்துப் பார்ப்பார்கள். எங்கள் ஆளின் தம்பி செய்தது என்று அன்றைக்குப் பார்க்கவில்லை.

ஒரு வாரம் கழித்துத் தீப்பிடித்தது. உராய்வு காரணமாக என்று பேப்பரில் போட்டிருந்தான். அப்படித்தான் எப்போதும் போடுவான். அந்த ரூமில் மரச்சாமான் ஒன்றுகூட மிஞ்சவில்லை, எந்தக் கொட்டாப்புளி யார் கையில் இருந்தது என்று எவனுக்குத் தெரியும்? என் ஆணிதானா, வேறு எதுவுமா? எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் ஆஸ்பத்திரியில் துணியைச் சுற்றிக் கிடந்தவனைப் பார்த்த நேரத்திலிருந்து எனக்கு ஒரே கவலைதான். அவனுக்குத் தெரியுமா? பிழைப்பானா என்பது இரண்டாவது கவலை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் வரிசை அதுதான்.

மாவு உருண்டையை அவன் கையில் வைத்து அழுத்தினேன். கட்டைவிரலுக்கும் கரண்டிக்கும் நடுவே எவ்வளவு இடம், எந்தப் பக்கம் சாய்ந்தால் பிடி நிற்கும், எல்லாம் மாவில் பதிந்தது. "வலிக்குதாண்ணே?" என்றேன்.

"செத்த தோலுலே. எங்கன வலிக்கும்."

நான் இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். அளவுக்கு அது தேவையில்லை. ஏன் அழுத்தினேன் என்று அப்போது எனக்கே விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. குற்றம் செய்தவனுக்குப் பாவப்பட்டவனைப் பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வரும். அவன் நல்லபடியாகக் கத்தி அழுதிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

பீடி மாதிரி நழுவாமல், சாம்பல் கொட்டாமல், வாயில் கவ்வியும் கையில் சொருகியும் வைக்கிற மாதிரி ஒரு சாமான். அதற்குப் பைப்புதான் சரி. பூவரசங்கட்டையில் கிண்ணத்தைக் கடைந்தேன். அடியில் கட்டைவிரல் உட்கார ஒரு பள்ளம், கரண்டி விரல்கள் அணைக்க ஒரு திட்டு. தண்டுக்கு மெல்லிய மூங்கில். சைக்கிள் கம்பியைக் காய்ச்சி மூங்கிலின் கணுவைத் துளைத்தேன். அவனுக்கு மட்டும் கொடுத்தால் ஊனத்துக்குக் கொடுத்த மாதிரி இருக்குமே என்று அப்பாவுக்கு ஒன்று, மச்சானுக்கு ஒன்று சேர்த்துச் செய்தேன். மச்சான் அக்கா புருசன், விருதுநகரில் பருப்பு மண்டியில் எடை போடுகிறவர். தீபாவளிக்கு எல்லாரும் வேட்டி துண்டு எடுத்துக் கொடுப்பார்கள், நான் பைப்பு கொடுப்பேன் என்று ஆனது அப்படித்தான்.

தீபாவளிக்குச் சில நாள் முன்னாலேயே கம்பெனிகளைப் பூட்டிவிடுவார்கள். பிறகு ஒரு மாதம் திறக்க மாட்டார்கள். ஊர் ஆண்களுக்கு அது புகை மாதம். பதினோரு மாதம் கேட்டுக்கு வெளியே பீடிக்கட்டைக் கொடுத்துவிட்டு உள்ளே போகிறவர்கள், அந்த மாதம் முழுக்கத் தெருவில் உட்கார்ந்து ஊதித் தள்ளுவார்கள். அண்ணனுக்கு இனி கம்பெனியும் கிடையாது, கேட்டும் கிடையாது. ஆனாலும் அந்த மாதம் வந்தால் அவனும் வாசலுக்கு வந்து உட்காருவான்.

முதல் தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்து இட்லி சாப்பிட்டபின் மூன்றையும் எடுத்துக் கொடுத்தேன். மூன்றும் சிவப்பு அரக்குப் பூசி, புதுக் கட்டில் கால் மாதிரிப் பளபளவென்று இருந்தன. அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முதுகைச் சொறிந்தார். கடைசி வரைக்கும் அதற்குத்தான் வைத்திருந்தார். மச்சான் வாயில் கவ்விக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி அங்குமிங்கும் நடந்தார்.

"மச்சினன் கெட்டிக்காரன்யா. உயிரோட இருக்கும்போதே எல்லார் வாயிலயும் கொள்ளி வச்சுட்டானே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். சிரித்தால் அவனுக்கு ஒரு பக்கம்தான் அசையும்.

சுருட்டை உதிர்த்து அவன் கிண்ணத்தில் அடைத்தேன். குச்சியைக் கிழித்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டான். பற்றிய பிறகுதான் திறந்தான். இழுத்தான். யார் துணையும் இல்லாமல் முழுசாக ஒரு வாய் புகை. மதினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள், மாமாங்கம் கழித்து அவள் முகத்தில் ஒரு தெளிவு. எனக்கு அழுகை வந்தது. நான் செய்த பாவத்தை நானே கழுவிவிட்டதாக ஒரு நிமிசம் நினைத்தேன்.

அரக்கு சூடு தாங்காது. கட்டில் காலை யாரும் கொளுத்துவதில்லை, அதனால் எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. கிண்ணம் சூடேற ஏற அரக்கு இளகி அவன் உள்ளங்கையில் ஒட்டியது. அவனுக்கு அது தெரியவே இல்லை. புகைத்து முடித்து, வாங்கிக்கொள் என்று கையை நீட்டினான். நான் பைப்பை இழுத்தேன். தோலும் சேர்ந்து வந்தது. சிவப்பு அரக்கில் வெள்ளையாக ஒரு ரூபாய் அளவுக்கு.

மச்சான் எழுந்து வெளியே போய்விட்டார். அண்ணன் கையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தான். பிறகு பைப்பைப் பார்த்தான். பிறகு என்னை.

"அரக்குப் பூசிட்டா அடியில இருக்கது தெரியாதுன்னு நெனப்புலே ஒனக்கு" என்றான்.

தெரிந்துதான் சொல்கிறானா, சும்மா சொல்கிறானா? முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் அந்த முகம் பாதிதான் பேசும். அன்றைக்கு மத்தியானமே வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டுச் சாத்தூருக்குப் பஸ் ஏறினேன். தீபாவளி அன்றைக்கு எந்தப் பட்டறையில் வேலை?

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அடுத்த ஐப்பசிக்கு முன்னால் மதினி சொல்லி அனுப்பினாள். "அண்ணன் பைப்பு கேக்காக. கை இன்னும் கொஞ்சம் மூடிருச்சு, வந்து அளவெடுத்துட்டுப் போகச் சொல்றாக." தீக்காயத் தோல் வருசா வருசம் சுருங்கும். போன வருசத்துப் பிடி இந்த வருசம் பிடிபடாது. அதனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் புதிதாக மாவு, புதிதாக அச்சு, புதிதாகப் பைப்பு. கூடவே அப்பாவுக்கு ஒன்று, மச்சானுக்கு ஒன்று.

பழைய பைப்பை அவன் வைத்துக்கொள்ள மாட்டான். தீபாவளி விடியற்காலையில் குளிக்க வெந்நீர் போடுகிற அடுப்பில் என் கண் முன்னால் தூக்கிப் போடுவான். "பளசுக்கு வேற என்ன வேல" என்பான். ஒரு மாதம் ராவிச் செய்தது ஒரு குடம் தண்ணீர் சூடாவதற்குள் கரியாகும். அப்பா பார்த்துக்கொண்டே முதுகைச் சொறிவார்.

புதியதைக் கையில் வாங்கிய உடனே குற்றம் சொல்லுவான். அரக்கில்லாமல் புளியமரத்து வைரத்தில் செய்தேன். "அம்மிக்குளவியா செஞ்சுட்டு வந்திருக்க? தாடை இத்துப்போகும்" என்றான். எடையைக் குறைத்தேன். சுவர் மெலிந்து சூடு வெளியே அடித்தது. "கைதான் வெந்துபோச்சு, மூஞ்சி மிச்சம் இருக்குன்னு பாக்கியாலே" என்றான். அடுத்த வருசம் மூங்கில் தண்டு வெடித்துக் காரச்சாறு நாக்கில் இறங்கியது. துப்பினான், என் புதுச்சட்டையில் பட்டது. "ஒன் வேல எது நின்னுருக்கு, இது நிக்கிறதுக்கு?" எல்லாரும் இருக்கும்போது சொன்னான். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மச்சான் மட்டும், "சாமானச் சொல்லாதிக மாப்ள, எனக்கு மண்டியில இதாலதான் மரியாதை" என்று எதையோ சொல்லிச் சமாளித்தார்.

ஒவ்வொரு பேச்சிலும் ஆணி இருக்கிறதா என்று தேடுவேன். இருக்கிற மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். நாய்க்குட்டியைத் பிடரியில் பிடித்துத் தூக்கின மாதிரி என்னை வருசம் முழுக்கத் தொங்கவிட்டிருந்தான். தெரியாமல் செய்கிறான் என்றால் பாவம். தெரிந்து செய்கிறான் என்றால் அவனைப்போலக் கொடுமைக்காரன் கிடையாது. ஒரு வருசம் இருக்கன்குடி மாரியம்மனைக் கும்பிடும்போது, அவனுக்கு நல்லபடியாக ஒரு சாவு கொடு என்று கேட்டேன். அவன் நிம்மதிக்காக இல்லை. எனக்காக. ஆத்தா கேட்ட மாதிரித் தெரியவில்லை.

நாலுவழிச் சாலை போட ரோட்டோரத்தைத் தோண்டிக்கொண்டிருந்த வருசம் எனக்கு மரம் கிடைத்தது. பொக்லைன் வைத்துச் சீமைக்கருவேலத்தை வேரோடு புரட்டிப் போட்டிருந்தார்கள். கரிமூட்டம் போடுகிறவர்கள் அள்ளுவதற்கு முன்னால் வேர்முண்டு நாலைந்தைத் தூக்கி வந்தேன். எங்கள் மண்ணைக் கெடுத்த மரம் என்று எல்லாரும் ஏசுகிற மரம், ஆனால் அந்த வேர்முண்டு இரும்பு. தண்ணீரில் போட்டு அவித்துச் சாறு இறக்கி, ஒரு வருசம் நிழலில் காயப்போட்டேன். கிண்ணத்தின் உட்புறம் கருப்பட்டிப் பாகில் கரித்தூளைக் குழைத்துப் பூசினேன். வெளியே நல்லெண்ணெய் மட்டும், அரக்கைத் தொடவே இல்லை. அச்சில் இருந்த ஒவ்வொரு மடிப்பையும் மரத்தில் கொண்டுவந்தேன். தண்டும் அதே வேரில். நான் செய்த சாமானிலேயே அதுதான் நல்ல சாமான். அதற்குப் பிறகும் அப்படி ஒன்று செய்யவில்லை.

அது ஐந்தாவது தீபாவளி. மத்தியானக் கறிச்சோறு முடிந்து மற்றவர்கள் உள்ளே கவர்மென்ட் டிவியில் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் அண்ணனும் பின்வாசலில் துவைகல் பக்கம் இருந்தோம். அவன் பைப்பை வாங்கிக் கையில் சொருகினான். பொருந்தியது. கையிலேயே முளைத்த மாதிரிப் பொருந்தியது. அடைத்துப் பற்றவைத்தேன். கண்ணை மூடித் திறந்து இழுத்தான். சூடு இல்லை, கசப்பு இல்லை, சாறு இறங்கவில்லை. கிண்ணம் பாதி தீரும் வரை புகைத்தான். என்ன குற்றம் சொல்லப் போகிறான் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாருக்குலே" என்றான். ஐந்து வருசத்தில் முதல் தடவை.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் இன்னும் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுக் கேட்டான்.

"இம்புட்டு நல்லாச் செய்யத் தெரிஞ்சவன், அன்னைக்கு ஏம்லே அப்பிடிச் செஞ்ச?"

என்னைக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கிற முகம் எனக்கு இல்லை. "தெரியுமாண்ணே?" என்றேன்.

"லோடு வந்த அன்னைக்கே தெரியும். ஒன்னு மட்டும் அரக்குப் பூசி மினுக்கிக்கிட்டு இருந்துச்சு. கொட்டாப்புளிக்கு எவன் அரக்குப் பூசுவான்? நகத்தால கீறிப் பாத்தேன். ஆணி." புகையை விட்டான். "போர்மேன்கிட்டச் சொன்னா அம்பதும் திரும்பிப் போகும். அப்புறம் எந்தக் கம்பெனியும் ஒன் வாசப்படிய மிதிக்க மாட்டான். சீசன் முடியட்டும், சத்தமில்லாமத் தூக்கிப் போட்டுருவோம்னு இருந்தேன். பொம்பளையாளுக கையில போயிரக் கூடாதுன்னு நானே வச்சுக்கிட்டேன். ஒரு வாரம் ஒன்னும் ஆகல."

அவன் அழவில்லை. திட்டவும் இல்லை. பூச்சட்டிக்கு எவ்வளவு மருந்து என்று சொல்கிற மாதிரிச் சொன்னான். என் ஆணியை எனக்காக மறைத்து, அதைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, அந்தக் கை போய், அதற்குப் பிறகு ஐந்து வருசம் ஒருத்தரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறான். என்னைத் திட்டியதெல்லாம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் புரிகிற பேச்சில்தான். மற்றவர்களுக்கு அது பைப்பைத் திட்டின மாதிரி.

அந்த நேரத்தில் ஒரு மனுசன் என்ன செய்ய வேண்டும்? காலில் விழ வேண்டும். குறைந்தது அழவாவது வேண்டும். என் நெஞ்சில் முதலில் வந்தது என்ன என்று சொல்கிறேன். சந்தோசம். ஐந்து வருசம் தனியாகச் சுமந்த மூட்டைக்கு இன்னொரு ஆள் தோள் கொடுத்த மாதிரி இருந்தது. இவனுக்கும் தெரிந்திருக்கிறது, அப்படியென்றால் இவனும்தான். அந்த நினைப்பு வாய் வரைக்கும் வந்துவிட்டது. அடக்கியிருக்கலாம், அடக்கவில்லை.

"பாத்துட்டுத்தான அடிச்ச?" என்றேன். அவனை நான் அதுவரைக்கும் நீ என்று சொன்னதில்லை. "தெரிஞ்சே அத வச்சு ஒரு வாரம் அடிச்சது நீதான? அன்னைக்கே தூக்கி எறிஞ்சிருந்தா ஒன்னும் ஆயிருக்காதுல்ல. எம்மேல மட்டும் என்ன தப்பு?"

அண்ணன் என்னையே பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். பைப்பை என் மேல் எறிவான் என்றுகூட நினைத்தேன். ஒன்றும் செய்யவில்லை. முகத்தில் அசைகிற பாதியும் அசையாமல் நின்றது. உள்ளே டிவியில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். "ஆமா" என்றான். "நாந்தான்."

பிறகு பைப்பில் மிச்சமிருந்ததைத் துவைகல்லில் தட்டச் சொல்லிக் கொடுத்தான். தட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

அன்றைக்கு நான் அவசரம் அவசரமாகப் பஸ் ஏறவில்லை. சாயங்காலம் வரைக்கும் இருந்து அதிரசம் சாப்பிட்டேன். மச்சானோடு சீட்டு விளையாடினேன், ஜெயித்தேன். ஐந்து வருசத்துக்கு அப்புறம் நெஞ்சில் பயமில்லாத ஒரு பொழுது. அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அடுத்த ஐப்பசிக்கு முன்னால் மதினி சொல்லி அனுப்பவில்லை. நானாகவே மாவு வாங்கிக்கொண்டு போனேன். அண்ணன் பாயில் சாய்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"வாங்க தம்பி. நல்லாருக்கீகளா?" என்றான்.

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. மதினியைக் கூப்பிட்டு, "தம்பிக்குக் குடிக்கத் தண்ணி கொண்டா" என்றான். வேலையில் இருந்த மதினி நிமிர்ந்து அவனையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். மாவை எடுத்தேன். அவன் தன் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"போன வருசத்து அளவே போதும் தம்பி. எதுக்கு ஒங்களுக்குச் செரமம்."

"கை மூடியிருக்குமேண்ணே. பிடிபடாது."

"அதெல்லாம் பிடிபடும்."

கையைக் கொடுக்கவே இல்லை. மாவைத் திருப்பிக் கொண்டுபோனேன், பஸ்ஸிலேயே புளித்துவிட்டது. போன வருசத்து அச்சு காய்ந்து இறுகி என்னிடம் இருந்தது. அதை வைத்தே, கண் மதிப்பாகக் கொஞ்சம் பிடியைக் குறைத்து, அதே வேர்முண்டில் இன்னொன்று செய்தேன். போன வருசத்தைவிட ஒரு குறை சொல்ல முடியாத வேலை, கை அளவு ஒன்றைத் தவிர.

தீபாவளி அன்றைக்கு எல்லாரும் இருந்தார்கள். என்னை நடு வீட்டில், மச்சானுக்குப் பக்கத்தில், புதுப்பாயில் உட்காரச் சொன்னான். மாப்பிள்ளைக்கு வைக்கிற மாதிரித் தனித்தட்டில் பலகாரம் வந்தது. சாப்பிட்டீகளா, பயணமெல்லாம் சௌரியமா என்று கேட்டான். அக்கா என் காதருகே, "என்ன எளவு இது, ஒங்க ரெண்டு பேருக்கும் என்ன?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். மூன்று பைப்பையும் எடுத்துக் கொடுத்தேன். திட்டு என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். பளபளப்பு பத்தாது, தண்டு கோணல், ஒன் வேல எது நின்னுருக்கு, ஏதாவது ஒன்று. அடுப்பில் தூக்கிப் போட்டாலும் சரி.

"ரொம்ப நல்லாருக்கு தம்பி" என்றான், கையில் வாங்குவதற்கு முன்னாலேயே.

வாங்கிக் கையில் சொருகப் பார்த்தான். கரண்டி விரல்கள் ஒரு வருசத்தில் இன்னும் மடங்கியிருந்தன. இடைவெளி போதவில்லை. பக்கவாட்டில் வைத்து அழுத்தினான், கட்டைவிரலால் இடுக்கினான். மச்சான் பார்த்துக்கொண்டிருந்தார், அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். வாய்க்குக் கொண்டுபோகும்போது பைப்பு நழுவித் தரையில் விழுந்து உருண்டது.

"அளவு சரியில்லையோ?" என்றார் மச்சான்.

"சேச்சே, அதுமேல என்ன தப்பு" என்றான் அண்ணன், என்னைப் பார்த்து, ரொம்ப மரியாதையாக. "தம்பி சரியாத்தான் செஞ்சிருக்காக. பிடிச்ச கைமேலதான் தப்பு."

எல்லாரும் அவனுடைய நல்ல மனசைப் பார்த்த மாதிரித் தலையாட்டினார்கள். நான் எழுந்து போய், கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடந்த பைப்பைக் குனிந்து எடுத்துத் துடைத்து அவன் மடியில் வைத்தேன்.